‘அவுட்’ என்றால் வெளியே மட்டும்தானா?

சென்ற வருடம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை. உம்மாவின் கழுத்தில் இருந்த சிறிய கட்டி ஒன்றுக்காகச் செய்த பரிசோதனையின் முடிவு, வைத்தியரின் கடிதமாக ஓர் உறையில் வந்திருந்தது. கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. உம்மா அதை என் கையில் தந்து, “மகள், இத வாசிச்சி என்னண்டு சொல்லுங்க” என்றார். சாதாரண தரப் பரீட்சையில் ஆங்கிலத்திற்கு ‘ஏ’ சித்தி பெற்றவள் நான். எங்கள் வீட்டுக்கு எந்த ஆங்கிலக் கடிதம் வந்தாலும் அது கடைசியில் என்னிடம்தான் வந்து சேரும்.

கடிதத்தில் ஆறேழு வரிகள்தான். அதில் ஒரு வரி, ‘மலிக்னன்சி ஹாஸ் பீன் ரூல்ட் அவுட்’ என்று இருந்தது. முதற்சொல் எனக்குத் தெரியாது. கைத்தொலைபேசி அகராதியில் தேடினேன். புற்றுநோய்த் தன்மை என்று வந்தது. என் கை குளிர்ந்து போனது. மற்றச் சொற்களை நான் தேடவில்லை. அவைதான் எனக்குத் தெரியுமே! ‘ரூல்’ என்றால் ஆட்சி செய்தல், ‘அவுட்’ என்றால் வெளியே. ஆகவே நோய் உள்ளே ஆட்சி செய்து இப்போது வெளியே தெரிந்துவிட்டது என்று நானே முடிவுகட்டி, அதை வீட்டாரிடமும் சொல்லிவிட்டேன்.

அன்றிரவு வாப்பா சோற்றுப் பீங்கானில் கையை வைத்தவர் அப்படியே எழும்பிவிட்டார். உம்மா இஷா தொழுத முஸல்லாவிலேயே ஸுபஹ் வரைக்கும் இருந்தார். தம்பிக்கு விடயம் தெரியாது. அவன் மட்டும் தூங்கினான்.

விடிந்ததும் அந்தக் கடிதத்தைப் படம் பிடித்து எங்கள் ஆங்கில ஆசிரியைக்கு அனுப்பினேன். அவர் உடனேயே அழைத்தார்.

“இத உங்களுக்கு இப்படி விளங்கப்படுத்தினது யாரு?”

“நான்தான் டீச்சர்.”

“பிள்ளை, புற்றுநோய் இல்லை எண்டுதான் இதில எழுதியிருக்கு. ‘ரூல் அவுட்’ எண்டா, அதுக்கு இடமில்லை எண்டு நீக்கிவிடுறது. போனை வச்சிட்டு ஓடிப்போய் உம்மாட்ட சொல்லுங்க.”

ஓடிப்போய்ச் சொன்னேன். உம்மா “அல்ஹம்துலில்லாஹ்” என்று சுஜூதில் விழுந்தார். யாரும் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் பாரம் கொஞ்சம் குறைந்திருக்கும்.

அதன்பின் நான் யோசித்தேன். நான் பிழைவிட்டது எனக்குத் தெரியாத பெரிய சொல்லில் இல்லை. அந்தச் சொல் தெரியாததால் அகராதியைத் திறந்தேன், சரியான பொருளையும் கண்டேன். பிழைத்தது முன்பள்ளியிலேயே படித்த மூன்றெழுத்துச் சொல்லில்தான். தெரியாத சொல் நம்மை நிறுத்தி எச்சரிக்கும். தெரிந்த சொல் எச்சரிப்பதில்லை. அன்றிலிருந்து ‘அவுட்’ என்ற சொல்லை எங்கே கண்டாலும் ஓர் அப்பியாசக் கொப்பியில் முழு வசனமாக எழுதி வைத்தேன். அந்தக் கொப்பியிலிருந்து எடுத்ததே இக்கட்டுரை.

சொல்லின் வேர்

‘அவுட்’ ஆங்கிலத்தின் மிகப் பழைய சொற்களில் ஒன்று. பழைய ஆங்கிலத்தில் இது ‘ஊட்’ என்று ஒலித்தது. ஜேர்மன் மொழியில் இதன் உறவுச் சொல் ‘அவுஸ்’ ஆகும்.

பழைய சொல் என்பதால் இது வேறு சொற்களுக்குள்ளும் புகுந்து கிடக்கிறது. ‘விதவுட்’, ‘எபவுட்’ என்பவற்றில் அது கண்ணுக்கே தெரிகிறது. ஆனால் ‘ஆனால்’ என்று நாம் பொருள் கொள்ளும் ‘பட்’ என்ற சொல்லுக்குள்ளும் இதுவே ஒளிந்திருக்கிறது என்பதை அறிந்தபோது நான் வியந்தேன். ‘பட்’ என்பது பழைய ஆங்கிலத்தில் ‘வெளிப்புறமாக’ என்று பொருள் தந்த கூட்டுச்சொல்லின் தேய்ந்த வடிவம். ‘ஓல் பட் வன்’ என்றால் ‘ஒருவரைத் தவிர எல்லோரும்’. அதாவது, ஒருவரை வெளியே நிறுத்திவிட்டு மற்ற எல்லோரும். மிக உயர்ந்த அளவைக் குறிக்கும் ‘அட்மோஸ்ட்’ என்பதும் ‘ஆக வெளியே உள்ளது’ என்ற பொருளில் பிறந்ததே.

வெளியே போவதும் வருவதும்

முதலாவது பொருள் எல்லோரும் அறிந்தது. ‘கோ அவுட்’ வெளியே போ, ‘கம் அவுட்’ வெளியே வா, ‘டேக் அவுட்’ வெளியே எடு. ஓர் உள்ளிடம் இருக்கிறது, அதற்கு ஒரு எல்லை இருக்கிறது, ஒரு பொருள் அந்த எல்லையைத் தாண்டுகிறது. ‘அவுட்’ என்ற சொல்லின் எல்லாப் பொருள்களுக்கும் இந்தப் படமே அத்திவாரம். இதை மனதில் வரைந்துகொண்டால் மற்றவை ஒவ்வொன்றாக விளங்கும்.

உள்ளிடம் என்பது வீடாகவோ பெட்டியாகவோதான் இருக்கவேண்டும் என்றில்லை. ஒருவரின் கையில் இருந்த தாள்கள் பலரிடம் போனால் அது ‘ஹான்ட் அவுட்’, பங்கிட்டுக் கொடுத்தல். மனதுக்குள் அடக்கி வைத்திருந்ததைப் பலரறியச் சொன்னால் அது ‘ஸ்பீக் அவுட்’, துணிந்து பேசுதல்.

தோன்றுவதா, மறைவதா?

இனித்தான் குழப்பம் தொடங்குகிறது. பின்வரும் இரண்டு வசனங்களையும் பாருங்கள்.

‘த சன் இஸ் அவுட்.’ சூரியன் தெரிகிறது.
‘த ஃபயர் இஸ் அவுட்.’ நெருப்பு அணைந்துவிட்டது.

இரண்டும் ஒரே அமைப்பு. ஒன்றில் ‘அவுட்’ என்றால் ஒளி இருக்கிறது, மற்றதில் ஒளி இல்லை. இன்னும் ஒன்று: ‘த புக் இஸ் அவுட்.’ இதைப் புத்தகக் கடைக்காரர் சொன்னால் புத்தகம் வெளிவந்துவிட்டது, வாங்கலாம் என்று பொருள். இதையே நூலகப் பொறுப்பாளர் சொன்னால் புத்தகத்தை யாரோ இரவல் எடுத்துப் போய்விட்டார்கள், இப்போது கிடைக்காது என்று பொருள். வசனத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை, பொருள் மட்டும் நேரெதிராகிவிட்டது.

இது எப்படி? இந்தக் கேள்வி பல நாட்கள் என் கொப்பியில் விடையில்லாமல் கிடந்தது. ஒருநாள் காலை பாடசாலைக்குப் புறப்படும்போது விடை கிடைத்தது. நான் வாசலைத் தாண்டி இறங்குகிறேன். வீட்டுக்குள் நிற்கும் உம்மாவுக்கு நான் மறைகிறேன். வீதியில் காத்து நிற்கும் தோழிக்கு நான் தோன்றுகிறேன். அதே வாசல், அதே அடி, அதே நான். பார்ப்பவர் நிற்கும் இடம்தான் வேறு.

‘அவுட்’ சொல்லின் இரகசியம் இதுதான். நாம் வெளியே நின்று பார்த்தால், உள்ளேயிருந்து வருவது நம் கண்ணுக்குத் தோன்றுகிறது. நாம் உள்ளே நின்று பார்த்தால், வெளியே போவது நம்மிடமிருந்து இல்லாமல் போகிறது. சூரியன் மேகத்துக்குள்ளிருந்து நம்மை நோக்கி வருகிறது. நெருப்பு நம்மிடமிருந்து போய்விடுகிறது.

இப்படிப் பிரித்துக்கொண்டால் இரண்டு பெரிய குடும்பங்கள் கிடைக்கின்றன.

தோன்றும் குடும்பம்: ‘ரிசல்ட்ஸ் ஆர் அவுட்’ (பெறுபேறுகள் வெளியாகிவிட்டன), ‘த சீக்ரெட் இஸ் அவுட்’ (இரகசியம் வெளிப்பட்டுவிட்டது), ‘ஃபைன்ட் அவுட்’ (கண்டுபிடி), ‘பொயின்ட் அவுட்’ (சுட்டிக்காட்டு), ‘ஸ்டான்ட் அவுட்’ (தனித்துத் தெரி), ‘வேர்க் அவுட்’ (கணக்கைச் செய்து விடை காண்).

மறையும் குடும்பம்: ‘புட் அவுட்’ (நெருப்பை அணை), ‘ரன் அவுட்’ (தீர்ந்து போ), ‘சோல்ட் அவுட்’ (விற்றுத் தீர்ந்தது), ‘வோர்ன் அவுட்’ (தேய்ந்து பழுதானது), ‘டை அவுட்’ (அற்றுப்போ).

தமிழ் இந்த இடத்தில் எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று கவனியுங்கள். தோன்றும் குடும்பத்துக்குப் பெரும்பாலும் ‘வா’ என்ற வினையைப் பயன்படுத்துகிறோம்: நூல் வெளிவந்தது, உண்மை வெளியே வந்தது. மறையும் குடும்பத்துக்குப் ‘போ’: விளக்கு நூர்ந்து போனது, அரிசி தீர்ந்து போனது, செருப்பு தேய்ந்து போனது. ஆங்கிலம் பேசுபவர் எங்கே நிற்கிறார் என்பதை நாமே ஊகித்துக்கொள்ள வேண்டும். தமிழ் அதை ‘வா’, ‘போ’ என்று சொல்லியே விடுகிறது. ஆகவே ‘அவுட்’ வரும் வசனம் ஒன்றைக் கண்டால், இங்கே ‘வந்தது’ பொருந்துமா, ‘போனது’ பொருந்துமா என்று கேட்டுப் பாருங்கள். பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

கடைசி வரைக்கும்

மூன்றாவது குடும்பத்தில் ‘அவுட்’ ஒரு வேலை முற்றாக முடிந்ததைக் காட்டுகிறது. ஒரு பெட்டியில் உள்ளதை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் உள்ளே எதுவும் மிஞ்சாது. ‘வெளியே’ என்ற பொருள் ‘முழுவதுமாக’ என்று வளர்ந்தது இப்படித்தான் எனலாம்.

‘ஐ ஆம் டயர்ட்’ என்றால் களைத்திருக்கிறேன். ‘ஐ ஆம் டயர்ட் அவுட்’ என்றால் களைத்தே போனேன், இனி ஓர் அடியும் வைக்க இயலாது. ‘ஹியர் மீ’ என்றால் நான் சொல்வதைக் கேளுங்கள். ‘ஹியர் மீ அவுட்’ என்றால் இடையில் மறிக்காமல் கடைசி வரை கேளுங்கள். பரீட்சை வினாத்தாளில் ‘ரைட் அவுட்’ என்று வந்தால் விடையின் ஒரு சொல்லை மட்டும் எழுதக்கூடாது, முழுமையாக எழுதவேண்டும் என்பதை மறக்கவேண்டாம்.

நீக்கிவிடுதல்

நான்காவது குடும்பமே என்னைத் தண்டித்த குடும்பம். ஓர் எல்லைக் கோட்டைப் போட்டு, ‘நீ இதற்குள் இல்லை’ என்று ஒன்றை வெளியே நிறுத்துவது இங்கு ‘அவுட்’ செய்யும் வேலை.

‘லீவ் அவுட்’ என்றால் சேர்க்காமல் விடுதல். ‘குரொஸ் அவுட்’ என்றால் கோடிட்டு வெட்டுதல். ‘கீப் அவுட்’ என்றால் உள்ளே வராமல் தடுத்தல். ‘ட்ரொப் அவுட்’ என்றால் படிப்பை இடையில் விட்டு விலகுதல். ‘ரூல் அவுட்’ என்றால் ஒரு சாத்தியத்தை ‘இதற்கு இடமில்லை’ என்று தீர்மானித்து விலக்குதல்.

ஒரு நோயாளியைப் பார்க்கும் வைத்தியரின் மனதில் பல சாத்தியங்கள் இருக்கும். இதுவாக இருக்கலாம், அதுவாகவும் இருக்கலாம் என்ற ஒரு பட்டியல். ஒவ்வொரு பரிசோதனையும் அந்தப் பட்டியலில் சிலவற்றை வெட்டிவிடுகிறது. வெட்டப்பட்டவை ‘ரூல்ட் அவுட்’. பரிசோதனைக்குப் பின் ஒரு நோய் ‘ரூல்ட் அவுட்’ ஆகிவிட்டது என்றால் அது நற்செய்தி. ஆனால் ‘கான் நொட் பீ ரூல்ட் அவுட்’ என்று இருந்தால் இன்னும் விலக்க முடியவில்லை, மேலும் பார்க்கவேண்டும் என்பது பொருள். வைத்தியர் பரிசோதனைக்கு அனுப்பும் துண்டில் ‘டு ரூல் அவுட்’ என்று எழுதினால், ‘இந்த நோய் இருக்கிறதா இல்லையா என்று பார்த்துச் சொல்லவும்’ என்று விளங்கிக்கொள்ள வேண்டும். ஒரே சொற்கூட்டு பரிசோதனைக்கு முன்னும் பின்னும் வேறு வேறு செய்தி சொல்கிறது. பெற்றோர்களும் இதைத் தெரிந்திருப்பது நல்லது.

‘ரூல்’ என்பதற்குக் கோடு போடுதல் என்றும் ஒரு பொருள் உண்டு. அடிமட்டத்தை ‘ரூலர்’ என்கிறோம் அல்லவா? அடிமட்டத்தை வைத்து ஒரு சொல்லின்மேல் கோடு இழுத்து வெட்டுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். ‘ரூல் அவுட்’ இனி மறக்காது. நான் நினைவில் வைத்திருப்பது இப்படித்தான்.

கிரிக்கெட் மைதானத்தில்

‘அவுட்’ என்ற சொல்லை நம் வீடுகளில் அதிகம் ஒலிக்கச் செய்தது கிரிக்கெட்தான். தொலைக்காட்சிக்கு முன்னால் நானாமாரும் தம்பிமாரும் போடும் சத்தத்தில் இந்தச் சொல் கேட்காத அயல் இல்லை. அங்கே ‘அவுட்’ என்பது நீக்கிவிடும் குடும்பத்தைச் சேர்ந்தது. துடுப்பாட்ட வீரர் ஆட்டத்துக்கு வெளியே அனுப்பப்படுகிறார். ஆனால் வீரர் உண்மையில் ஆட்டமிழந்திருந்தாலும், களத்தடுப்பு அணியினர் கேட்காவிட்டால் நடுவர் அவரை ‘அவுட்’ என்று அறிவிக்க முடியாது என்பது கிரிக்கெட் சட்டம்.

2023 உலகக் கிண்ணப் போட்டியில் நவம்பர் 6 ஆம் திகதி டில்லியில் நடந்ததை நம் நாட்டவர் எவரும் மறக்கமாட்டார்கள். பங்களாதேஷ் அணிக்கு எதிராக ஆடவந்த அஞ்சலோ மெத்யூஸின் தலைக்கவசப் பட்டி அறுந்தது. வேறு கவசம் வரும்வரை பந்தை எதிர்கொள்ளத் தாமதமானது. எதிரணி முறையிட, நடுவர் அவரை ‘டைம்ட் அவுட்’ என அறிவித்தார். சர்வதேசக் கிரிக்கெட்டில் இப்படி ஆட்டமிழந்த முதல் வீரர் அவரே. ஒரு பந்தையும் எதிர்கொள்ளாமல், நேரம் முடிந்ததால் வெளியே!

கிரிக்கெட்டில் ‘ரன் அவுட்’ என்றால் ஓட்டம் எடுக்க ஓடும்போது ஆட்டமிழத்தல். அடுப்படியில் ‘ரன் அவுட்’ என்றால் சீனியோ மாவோ தீர்ந்து போதல். இரண்டுக்கும் எழுத்து ஒன்று, குடும்பம் வேறு.

முன்னே வந்தால் ஒன்று, பின்னே வந்தால் ஒன்று

‘அவுட்’ ஒரு வினைக்குப் பின்னால் நிற்பதையே இதுவரை பார்த்தோம். வினையோடு சிறு சொல் சேர்ந்து புதுப்பொருள் தரும் இக்கூட்டை ஆங்கில இலக்கணத்தில் ‘பிரேசல் வேர்ப்’ என்பர். இதே சொல் முன்னாலும் வந்து ஒட்டிக்கொள்ளும். அப்போது பொருள் மீண்டும் மாறும்.

‘லுக் அவுட்’ என்றால் கவனம், பார்த்து நட. ‘அவுட்லுக்’ என்றால் ஒருவரின் நோக்கு அல்லது எதிர்காலம் பற்றிய கணிப்பு. ‘கம் அவுட்’ என்றால் வெளியே வா. ‘அவுட்கம்’ என்றால் விளைவு. ‘இன்கம்’ என்றால் வருமானம் என்பதால் ‘அவுட்கம்’ என்றால் செலவு என்று நான் எட்டாம் வகுப்பில் எழுதி, சிவப்பு மையில் ஒரு கோடு வாங்கியிருக்கிறேன்.

வேறு சிலவற்றில் முன்னே வரும் ‘அவுட்’ மிஞ்சுதலைக் காட்டும். ‘அவுட்ரன்’ என்றால் மற்றவரைவிட வேகமாக ஓடி முந்துதல். ‘அவுட்லிவ்’ என்றால் மற்றவரைவிட நீண்ட காலம் வாழ்தல். ‘அவுட்க்ரோ’ என்றால் வளர்ந்து உடுப்பு அளவில்லாமல் போதல். எல்லைக்கு வெளியே போவது இங்கே மற்றவரின் அளவைத் தாண்டிப் போவதாகிறது.

இந்த வரிசையில் கவனமாகப் பார்க்கவேண்டியது ‘அவுட்ஸ்டான்டிங்’. பரிசளிப்பு விழாவில் ஒரு மாணவியை ‘அவுட்ஸ்டான்டிங்’ என்றால் அவர் மிகச் சிறந்தவர். கரன்ட் பில்லில் அதே சொல் இருந்தால் இன்னும் கட்டாத நிலுவை என்று பொருள். ஒருத்தி கூட்டத்துக்கு வெளியே தெரியும்படி நிற்கிறாள். ஒரு தொகை கட்டி முடித்தவற்றுக்கு வெளியே நிற்கிறது. நிற்பது இரண்டிலும் ஒன்றுதான், மகிழ்ச்சிதான் ஒன்றில் மட்டும்.

‘ஒஃப்’ சேர்ந்தால்

‘அவுட்’ உடன் ‘ஒஃப்’ சேரும்போது இன்னொரு வரிசை பிறக்கிறது.

‘அவுட் ஒஃப் ஓர்டர்’ என்றால் பழுதடைந்தது. ‘அவுட் ஒஃப் டேட்’ என்றால் காலம் கடந்தது. ‘அவுட் ஒஃப் ஸ்டொக்’ என்றால் கையிருப்பில் இல்லை. இவை இல்லாமையைச் சொல்கின்றன. ஆனால் ‘நைன் அவுட் ஒஃப் டென்’ என்றால் பத்துக்கு ஒன்பது. ‘மேட் அவுட் ஒஃப் வுட்’ என்றால் மரத்தால் செய்தது. ‘அவுட் ஒஃப் பிட்டி’ என்றால் இரக்கத்தினால். இம்மூன்றிலும் ஒன்றிலிருந்து இன்னொன்று பிறந்து வருகிறது. பத்திலிருந்து ஒன்பது, மரத்திலிருந்து கதிரை, இரக்கத்திலிருந்து ஒரு செயல்.

‘அவுட் ஒஃப் த குவெஸ்ஷன்’ என்பதை வினாவுக்கு வெளியே, அதாவது பாடத்திட்டத்தில் இல்லாதது என்று சிலர் எண்ணுகிறார்கள். அதன் பொருள் ‘நடக்கவே முடியாத காரியம்’ என்பதாகும்.

நமது நாட்டு வழக்கு

நம்மவர்கள் இந்தச் சொல்லைத் தமக்கேற்றபடி வளைத்தும் இருக்கிறார்கள். ஒருவர் பல்கலைக்கழகப் படிப்பை முடித்தால் ‘கெம்பஸ் பாஸ் அவுட்’ என்கிறோம். பொலிஸ், இராணுவப் பயிற்சி முடிந்து வெளியேறுபவர்களுக்கு ‘பாஸ் அவுட்’ என்பதைப் பிரித்தானிய ஆங்கிலத்திலும் சொல்வார்கள். ஆனால் பொது ஆங்கிலத்தில் ‘பாஸ் அவுட்’ என்றால் மயங்கி விழுதல்! வெளிநாட்டவர் ஒருவரிடம் ‘என் ராத்தா போன மாதம் பாஸ் அவுட் ஆனார்’ என்று பெருமையாகச் சொன்னால், ‘இப்போது சுகமா?’ என்று அவர் கேட்கக்கூடும். நம் வழக்கு தாழ்ந்தது என்று நான் சொல்லவில்லை. யாரிடம் பேசுகிறோம் என்பது தெரிந்திருந்தால் போதும்.

தமிழிலும் அரபியிலும்

இவ்வளவையும் படித்தபோது, இந்த ஆங்கிலம் ஏன் இப்படிச் சிக்கலாக இருக்கிறது என்று முதலில் அலுத்துக்கொண்டேன். பிறகு நம் சொந்த மொழியைத் திரும்பிப் பார்த்தேன். ‘விடு’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். மழை விட்டது என்றால் நின்றது. மூச்சு விட்டான் என்றால் சுவாசித்தான். பட்டம் விட்டான் என்றால் பறக்கச் செய்தான். பஸ்ஸை விட்டேன் என்றால் தவறவிட்டேன். சோற்றுக்கு ஆணம் விட்டார் என்றால் ஊற்றினார். வந்துவிட்டான், சாப்பிட்டுவிட்டாள் என்று துணைவினையாக வரும்போது செயல் முடிந்ததைக் காட்டுகிறது. ‘விடு’ என்றால் கைவிடுதல் என்று மட்டும் படித்த ஒருவர் நம்மிடையே வந்தால் என்ன பாடுபடுவார்! அதிலும் ஒரு பொருத்தம் பாருங்கள். ‘ஸ்கூல் இஸ் அவுட்’ என்ற ஆங்கில வசனத்துக்கு நேரான தமிழ் ‘பாடசாலை விட்டது’ என்பதே.

அரபு மொழியிலும் சிறு சொல் பெரிய வேலை செய்கிறது. ‘ரகிப’ என்ற வினையுடன் ‘ஃபீ’ சேர்ந்தால் ஒன்றை விரும்பினான் என்று பொருள். அதே வினையுடன் ‘அன்’ சேர்ந்தால் அதை வெறுத்து ஒதுங்கினான் என்று பொருள். வினையை மட்டும் பார்த்துவிட்டுச் சிறு சொல்லைக் கவனிக்காமல் விட்டால் விருப்பு வெறுப்பாகிவிடும். மார்க்க நூல்களைப் படிப்பவர் ஒவ்வொரு எழுத்திலும் ஏன் அவ்வளவு பேணுதலாக இருக்கவேண்டும் என்று எங்கள் உஸ்தாத் சொல்லித் தந்தது இப்போதுதான் எனக்கு முழுமையாக விளங்குகிறது.

எப்படிப் படிக்கலாம்?

என் அனுபவத்திலிருந்து தோழியருக்குச் சில யோசனைகள்:

1. வினையையும் அதன் பின்வரும் சிறு சொல்லையும் பிரித்துப் பொருள் பார்க்காதீர்கள். ‘ரூல்’ தனி, ‘அவுட்’ தனி, ‘ரூல் அவுட்’ தனி. அகராதியில் மூன்றாவதைத் தேடுங்கள்.

2. ‘வந்ததா, போனதா, முற்றாக முடிந்ததா, நீக்கப்பட்டதா?’ என்று நான்கு கேள்விகளையும் வசனத்திடம் கேளுங்கள். அநேகமாக ஒன்று பொருந்தும்.

3. கொப்பியில் தனிச்சொல்லாக எழுதாமல் வசனமாக எழுதுங்கள். எங்கே, யார் சொன்னது என்பதையும் பக்கத்தில் குறித்து வையுங்கள்.

4. பொது ஆங்கிலப் பாடம் இஸட் புள்ளிக்குச் சேராது என்று அலட்சியம் செய்யாதீர்கள். வீட்டுக்கு வரும் கடிதங்கள் இஸட் புள்ளி பார்த்து வருவதில்லை.

5. வைத்தியம், வங்கி, சட்டம் சம்பந்தமான கடிதமாக இருந்தால், விளங்கியது போல் தோன்றினாலும் தெரிந்த ஒருவரிடம் கேட்டு உறுதிப்படுத்திய பின்னரே வீட்டாரிடம் சொல்லுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை.

பெற்றோர்களிடமும் ஒரு வேண்டுகோள். பிள்ளை ஆங்கிலம் படிக்கிறது என்பதற்காக அது வாசித்துச் சொல்வதையெல்லாம் முடிவான வார்த்தையாக எடுத்துவிடாதீர்கள். பிள்ளை தெரியாது என்று சொல்லும்போது ஏசாமலும் இருங்கள். ‘தெரியாது’ என்று சொல்ல அன்று எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தின் விலை என் உம்மாவின் ஓர் இரவு.

அல்லாஹ்வின் கிருபையால் உம்மா இப்போது நலமாக இருக்கிறார். கடிதங்களை இன்னமும் என்னிடம்தான் தருகிறார். சென்ற மாதம் மறுபரிசோதனைக் கடிதம் வந்தபோதும் என் கையில் தந்து, “அவசரமில்ல மகள், நல்லாப் பாத்துட்டு சொல்லுங்க” என்றார். எல்லாச் சொற்களும் எனக்குத் தெரிந்தவையாகவே இருந்தன. ஆனாலும் உம்மாவிடம் சொல்வதற்கு முன் அகராதியைத் திறந்தேன்.